கூடாரத்தில் ஒரு வானப்பிரஸ்தம்

நம் சாஸ்திரங்கள் மனித வாழ்வை நான்கு ஆசிரமங்களாக வகுத்துள்ளன. அவற்றுள் மூன்றாவது வானப்பிரஸ்தம். தலை நரைத்து, பேரக் குழந்தையின் முகமும் கண்ட இல்லறத்தான், மனைவியைப் பிள்ளைகளின் பொறுப்பில் விட்டோ, அவளையும் உடன் அழைத்துக்கொண்டோ வனம் புகலாம் என்கிறது மனு ஸ்மிருதி. மகாபாரதத்தில், தருமபுத்திரரின் அரண்மனையில் 15 ஆண்டுகள் வாழ்ந்த திருதராஷ்டிரர், இறுதியில் காந்தாரியுடன் கானகம் சென்றார். அரண்மனைச் சுகம் குறைந்ததால் அன்று. பற்றைக் குறைத்துக்கொள்ளும் காலம் வந்ததால்.

இக்காலத்தில் வனவாசம் எல்லோர்க்கும் இயலாது. ஆயினும், அதன் ஒரு துளியைச் சுவைத்தனர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நெடுங்காலமாக வசிக்கும் ஒரு தமிழ்த் தம்பதியர். பணி ஓய்வு பெற்றாயிற்று. பிள்ளைகள் மணமாகி வெவ்வேறு ஊர்களுக்குச் சென்றுவிட்டனர். பெரிய வீட்டில் இருவர் மட்டுமே. "இந்த வீட்டை விற்றுவிட்டு எங்களுக்கு அருகில் வாருங்கள்" என்பது பிள்ளைகளின் வேண்டுகோள். அந்த அம்மையாருக்கோ மனம் வரவில்லை. தாய்வீட்டுப் பித்தளைப் பாத்திரங்கள், பிள்ளைகள் படித்த புத்தகங்கள், கொலுப் பொம்மைகள் என்று ஒவ்வோர் அறையிலும் ஒரு நினைவு. அதுபற்றிப் பேச்செடுத்தாலே வீட்டில் மௌனம் சூழ்ந்துவிடும்.

அந்த நிலையில்தான் இருவரும் காரில் புறப்பட்டனர். ஒரு கூடாரம், போர்வைகள், சிறு அடுப்பு, அரிசி, பருப்பு, ஒரு செம்பு, வேங்கடவனின் சிறிய படம். இவ்வளவே உடைமை. 62 வயது நிறைந்தோர்க்கு அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களில் வாழ்நாள் அனுமதிச் சீட்டு உண்டு. அது அவர்களுக்குப் பேருதவியாயிற்று.

முதலில் அவர்கள் தங்கியது கொலராடோ மாநிலத்தின் மேசா வெர்டே தேசியப் பூங்காவில். கரடிகள் நடமாடும் இடமாதலால், இரவில் உணவுப் பொருள்களை வெளியே வைத்தல் கூடாது. சமைத்து, உண்டு, பாத்திரம் துலக்கிக் காருக்குள் வைத்துப் பூட்டிய பின்னரே உறக்கம். அங்கே மலைக்குடைவின் நிழலில், ஏறத்தாழ 150 அறைகளுடன் ஒரு கற்குடியிருப்பு நிற்கிறது. இன்று அதனைப் 'பாறை அரண்மனை' என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். 13-ஆம் நூற்றாண்டில் பியூப்லோ மக்களின் முன்னோர் அங்கு வாழ்ந்தனர். தரைக்குள் வட்டமாக அமைத்த அறைகளில் அவர்கள் தம் சடங்குகளை நடத்தினர். 'கிவா' எனப்படும் அவ்வறைகளின் தரையில் சிறு குழி ஒன்று இருக்கும். மனிதகுலம் இவ்வுலகிற்கு வெளிப்பட்ட வாயிலை அது குறிப்பதாகும்.

அந்நூற்றாண்டின் இறுதியில் கடும் வறட்சி நிலவியது. 1300-ஆம் ஆண்டளவில் மக்கள் அனைவரும் அவ்விடத்தை விட்டுத் தெற்கே சென்றுவிட்டனர். இன்றும் அவர்தம் வழித்தோன்றல்கள் அதைப் பாழிடமாகக் கருதுவதில்லை. முன்னோர் உறையும் இடமாகவே போற்றுகின்றனர். மூட்டுவலியால் ஏணி ஏற இயலாத அம்மையார், எதிரேயுள்ள காட்சிமேடையில் அமர்ந்து நெடுநேரம் அதையே நோக்கியிருந்தார். "இத்தனை வீடுகளையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே" என்று மட்டும் சொன்னார். கணவர் மறுமொழி கூறவில்லை.

அடுத்து அவர்கள் சென்றது அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யன். கொலராடோ ஆறு அறுத்த 446 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கு அது. ஆழம் சுமார் 1.6 கிலோமீட்டர். உள்ளே எழுந்து நிற்கும் சிகரங்களுள் ஒன்றின் பெயர் 'விஷ்ணு கோயில்'. பிரம்மா, சிவன் பெயராலும் கோயில்கள் உண்டு. ராமர், கிருஷ்ணர் பெயரால் சந்நிதிகளும் உண்டு. அவை மனிதர் கட்டிய ஆலயங்கள் அல்ல, பாறைச் சிகரங்களே. 1882-இல் இப்பகுதியைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட கிளாரன்ஸ் டட்டன் என்னும் நிலவியல் அறிஞர், அவற்றின் அடுக்கடுக்கான வடிவில் கீழைநாட்டுக் கோயில்களின் சாயலைக் கண்டார். அவர் தொடங்கிவைத்த மரபே இப்பெயர்களாக நிலைத்தது. பள்ளத்தாக்கின் அடியிலுள்ள மிகப் பழைய பாறைக்கும் விஷ்ணுவின் பெயரே. அதன் வயது சுமார் 170 கோடி ஆண்டுகள். பிரம்மதேவரின் ஒரு பகற்பொழுது 432 கோடி ஆண்டுகள் என்கின்றன நம் புராணங்கள். அப்பாறையின் வயது அதில் பாதிகூட ஆகவில்லை!

சிகரத்தைத் தொலைவிலிருந்து கைகூப்பி வணங்கிய அம்மையார், பாதையோரம் கிடந்த செந்நிறக் கல் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்தார்.

"என்னங்க, இதைப் பூஜையறையில் பெருமாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா?"

தேசியப் பூங்காவிலிருந்து கல்லோ, இலையோ எதையும் எடுத்துச் செல்லலாகாது என்பது சட்டம். கணவர் அதைச் சொல்லிவிட்டு, மற்றொன்றையும் எடுத்துரைத்தார். "நாம் பெயரைப் பார்த்துக் கும்பிடுகிறோம். ஹோப்பி மக்களுக்கோ, அவர்கள் முன்னோர் இவ்வுலகிற்கு வந்த வாயில் இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறதாம். பிறர் கோயிலிலிருந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவோமா? நீயே சொல்."

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு முந்தானையை அவிழ்த்து, கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தார். "கண்ணால் பார்த்ததே போதும்" என்றார்.

ஊர் திரும்பிய பின் அவர்கள் வீட்டை உடனே விற்றுவிடவில்லை. ஆயினும் பாத்திர அலமாரி திறக்கப்பட்டது. மகளுக்கு எது, மருமகளுக்கு எது, கோயில் மடைப்பள்ளிக்கு எது என்று அம்மையாரே பிரித்து வைக்கத் தொடங்கினார். விற்பனை பற்றிய பேச்சு எழுந்தால் இப்போது மௌனம் சூழ்வதில்லை.

பக்தியோடு விரும்பினாலும் உடைமை உடைமையே. பகவானின் பொருளை அவன் வைத்த இடத்திலேயே கண்டு வணங்க மனம் பழகிவிட்டால், வானப்பிரஸ்தம் தொடங்கிவிட்டதென்று கொள்ளலாம். அதற்கு அமெரிக்கப் பள்ளத்தாக்கு வேண்டுவதில்லை. நம் வீட்டில் பல ஆண்டுகளாகத் திறக்கப்படாத ஓர் அலமாரி இருக்குமானால், இந்த ஏகாதசியன்று அதைத் திறந்து, பிறர்க்குப் பயன்படும் ஒரு பொருளையேனும் மனமுவந்து கொடுத்துப் பார்ப்போம். கை சற்றே தயங்கும். அந்தத் தயக்கத்தைக் கடப்பதற்கே நம் முன்னோர் அந்த மூன்றாம் ஆசிரமத்தை வகுத்தனர்.