மல்லிகைக்குக் குளிராதா?

"குளிர் தேசத்துக்குப் போனால் அந்தத் தேசத்துப் பூவை வளர்க்க வேண்டியதுதானே? அங்கே போயும் எதற்கு மல்லிகைச் செடி?" என்று கேட்கிறவர்கள் எங்கள் விழிதியூரில் பெருகிவிட்டார்கள். வேறு ஜில்லாக்காரர்களுக்கு இது வெறும் தோட்டக்கலைக் கேள்வியாகத் தோன்றலாம். காரைக்கால் பக்கத்தில் அப்படியல்ல. 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு ஆட்சி எங்களை விட்டுப் போயிற்று. 1962-ல் ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்களுக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். அப்போது பிரெஞ்சுப் பிரஜையாக இருந்துகொண்டவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும் இன்று பிரான்ஸில் இருக்கிறார்கள். ஆகவே, பாரிஸ் நகரத்து ஜன்னலில் இருக்கும் மல்லிகைத் தொட்டி எங்களுக்கு வீட்டு விஷயம்.

எங்கள் தெருவில் இருந்த ஓர் அம்மாளைச் சொல்லுகிறேன். பெயர் வேண்டாம், ஊருக்கெல்லாம் அவர் பெரியம்மா. கணவர் காலமான பிறகு, பாரிஸை ஒட்டிய புறநகர் ஒன்றில் மகன் வீட்டில், ஐந்தாவது மாடியில் இருக்கிறார். பேரப்பிள்ளைகள் பேசுவது அவருக்குப் புரியாது; அவர் பேசுவது அவர்களுக்குப் பாதிதான் புரியும். ஜன்னலோரத்தில் ஒரு குண்டுமல்லித் தொட்டி வைத்திருக்கிறார். இடத்தை அடைக்கிறது என்பது மருமகளின் புகார். "இந்தப் பனியிலே அது எங்கேம்மா பிழைக்கப் போகுது? தூக்கிப் போட்டுடு" என்பது மகனின் தீர்ப்பு. அவரோ என்னிடம் தொலைபேசியில், "தம்பி, இந்த வருஷம் ஒன்பது பூ பூத்துச்சு. எண்ணிப் பார்த்தேன்" என்றார்.

இதைக் கேட்டுவிட்டு உள்ளூர் அன்பர் ஒருவர் சிரித்தார். "எதுவும் பிறந்த மண்ணில் இருந்தால்தான் அழகு" என்று ஒரு வேதாந்தமும் சொன்னார். அவருடைய மகன் அனுப்பும் யூரோ மட்டும் குளிர் தேசத்திலிருந்து இந்த வெயிலுக்கு வந்து நன்றாக வேர் பிடிக்கிறது. அதில் அவருக்கு ஆட்சேபமில்லை!

அவர் வீட்டு வாசலையே பார்ப்போம். மதில்மேல் படர்ந்திருப்பது காகிதப்பூ. அது பிரேசில் தேசத்துச் செடி. 1767-ல் ரியோ டி ஜெனிரோவில் கொமெர்சோன் என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞர் அதைக் கண்டெடுத்துத் தம் கப்பல் தலைவர் பூகென்வீலின் பெயரைச் சூட்டினார். பக்கத்தில் இருக்கும் நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. ஆயுத பூஜைக்கு மாலையாகும் துலுக்கச் சாமந்தியின் பூர்வீகம் மெக்ஸிகோ. மார்கழிக் கோலத்தின் நடுவே சாணியில் செருகுகிறோமே, பரங்கிப்பூ, அது அமெரிக்கக் கண்டத்துக் கொடி. பெயரிலேயே பரங்கியை வைத்துக்கொண்டு நம் வாசலில் சிரிக்கிறது. பிறந்த மண்ணில் இருப்பதுதான் அழகென்றால், அன்பர் முதலில் தம் வாசலைக் காலி செய்ய வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள்தாம் என்ன செய்தார்கள்? பதினான்காம் லூயி மன்னர் 1684 முதல் 1686 வரை வெர்சேல்ஸ் அரண்மனையில் ஆரஞ்சு மரங்களுக்கென்றே ஒரு மாளிகை கட்டினார். ஆரஞ்சு ஆசியாவிலிருந்து போன மரம். அந்த ஊர்ப் பனி அதற்கு ஆகாது. பெட்டிகளில் வளர்த்து, குளிர் காலத்தில் உள்ளே வைத்து, மே மாத நடுவில் வெளியே கொண்டுவருகிறார்கள். அக்டோபரில் மறுபடியும் உள்ளே போய்விடும். மாதுளையும் அரளியும்கூட இப்படிப் பெட்டியில் பவனி வருகின்றன. இன்றும் இது நடக்கிறது. உலகம் காசு கொடுத்துப் பார்க்கிறது. தெற்கே கிராஸ் நகரத்தில் வாசனைத் திரவியத்துக்காக நம் பிச்சிப்பூ இனத்தையே பயிரிட்டார்கள். குளிர் தாங்கும் வேறொரு மல்லிகையின் வேரில் ஒட்டுக்கட்டி, பனிக்காலத்தில் தூரில் மண் அணைத்துக் காப்பாற்றினார்கள். அந்த வட்டாரத்து வாசனைத் தொழில் நுட்பத்தை 2018-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலிலே சேர்த்தது. ராஜா செய்தால் கலை, முதலாளி செய்தால் தொழில், பெரியம்மா செய்தால் பைத்தியக்காரத்தனமா?

இங்கே எதிர்க்கட்சிக்காரர் ஒரு நல்ல வாதம் வைத்திருக்கிறார். அதை மறைக்க நான் விரும்பவில்லை. "அந்நியச் செடியால் வந்த கேட்டை நீர் பார்க்கவில்லையா?" என்பார். பார்த்திருக்கிறேன். அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை தென் அமெரிக்கச் செடி. டெல்டாவில் எத்தனை வாய்க்கால்களை அது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று நம் விவசாயிகளைக் கேட்டால் தெரியும். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் ஊர் நினைப்பில் வைத்த கோர்ஸ் புதரும் ஸ்காட்ச் புரூமும் புல்வெளிகளில் பரவிவிட்டன. ஆஸ்திரேலிய வாட்டில் மரம் சோலைக்காட்டு மலைகளையே மாற்றிவிட்டது.

ஆனால் இவை எல்லாம் தப்பி ஓடிய செடிகள். புதிய இடத்தின் சீதோஷ்ணம் அவற்றுக்குப் பிடித்துப்போயிற்று, அதனால்தான் ஆபத்து. குண்டுமல்லியின் கதை நேர் மாறானது. ஜனவரி இரவொன்றில் பால்கனியில் மறந்துவிட்டால் உறைபனியில் அது மடிந்துபோகும். ஒருத்தியின் கை விட்டால் உயிர் விட்டுவிடும் செடி, எந்தக் காட்டை ஆக்கிரமிக்கப் போகிறது?

வேறு இரண்டு குற்றங்கள் உண்டு. அவற்றைத்தான் நாம் கண்டிக்க வேண்டும். ஒன்று ஆடம்பரம். இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் பிரபு வீட்டில் 1841-ல் கட்டி முடித்த கண்ணாடி மாளிகையில் வெப்ப தேசத்து மரங்களை வளர்க்க எட்டு கொதிகலன்கள் எரிந்தன. முதல் உலக யுத்தத்தில் நிலக்கரி கிடைக்கவில்லை, செடிகள் செத்தன, 1920-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மற்றொன்று கொள்ளை. 1850-ல் காசி மலையில் ஹூக்கர் என்ற தாவர அறிஞர் நீல வாண்டா ஆர்க்கிட் செடிகளை ஏழு ஆள் சுமை சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில. வேறொருவர் அனுப்பிய ஓர் ஆள் சுமை மட்டும் வாடி வதங்கிப் போய்ச் சேர்ந்தும் 300 பவுனுக்கு விலை போயிற்று. காட்டை உரித்து வரவேற்பறையை அலங்கரிப்பது தோட்டக்கலை ஆகாது.

பெரியம்மாவின் தொட்டியில் இந்த இரண்டு குற்றமும் இல்லை. வீட்டைச் சூடாக்குவது மனிதர்களுக்காக. அந்தச் சூட்டில் செடியும் ஒண்டிக்கொள்கிறது. செடியை அங்கேயே கடையில் வாங்கினார். ஊரிலிருந்து புடவைக்குள் பதியன் சுற்றி எடுத்துப் போகிற நம்மவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுகிறேன்: செய்யாதீர்கள். 2019 டிசம்பர் 14 முதல் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் உயிர்ச்செடி எதையும் ஐரோப்பிய யூனியனுக்குள் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. நம் மண்ணோடு போகும் புழுவும் பூச்சியும் அங்கே ஒருவன் வயலைத் தின்றால், அந்தப் பாவம் நம்முடையது.

மகன்மாருக்கும் ஒரு வார்த்தை. "பனியில் பிழைக்காது" என்பது சோம்பேறிப் பேச்சு. பல வீடுகளில் செடியைக் கொல்வது பனி அல்ல, இருட்டும் தண்ணீரும்தான். டிசம்பரில் பாரிஸில் பகல் எட்டேகால் மணி நேரம். காரைக்காலில் பதினொன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. வெளிச்சம் குறைந்தால் செடி தூங்கும். தூங்குகிற செடிக்குத் தினம் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். தெற்குப் பார்த்த ஜன்னலில் வையுங்கள். பத்து டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடாக்கிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், வறட்டுக் காற்றில் செஞ்சிலந்தி பற்றும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் போதும். குளிரில் எரு வேண்டாம். நம் ஊரில் நவம்பர் கடைசியில் கவாத்து செய்கிறோம். அங்கே குளிர் தணியும் மார்ச்சில் செய்யுங்கள். புதுத் துளிரில்தான் மொட்டு வரும். மே நடுவில், வெர்சேல்ஸ் ஆரஞ்சு மரங்கள் வெளியே வரும்போது, உங்கள் தொட்டியும் பால்கனிக்கு வரலாம்.

இவ்வளவும் செய்தாலும் ஊரில் பூப்பதுபோல் பூக்காது. கொண்டைக்கு ஒரு சரம்கூடத் தேறாது. அதனாலென்ன? தாயை ஐந்தாவது மாடிக்குக் கொண்டுபோய் வைத்தவர்கள் அவருக்கு வேண்டிய வெளிச்சத்தையும் இடத்தையும் யோசித்திருக்க வேண்டும். அவர் கேட்பது ஜன்னலில் ஒரு முழ இடம். அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள் சீதோஷ்ணத்தின்மேல் பழி போட வேண்டாம்.