எங்கள் உடல், எங்கள் நலம்: வேர்வைக்கு ஏன் இந்தக் குளிசை?

மாதவிடாய் நிற்கும் வயதில் நெஞ்சிலிருந்து முகம் வரை திடீரென்று சூடு ஏறும். உடம்பு வேர்த்துக் கொட்டும், பிறகு குளிரும். இரவில் வந்தால் நித்திரை போய்விடும். பலருக்கு இது ஏழு வருடங்களுக்கு மேலும் நீடிக்கிறது.

நாங்கள் இதை வெளியில் சொல்வதில்லை. "1990க்குப் பிறகு எந்த இரவு நிம்மதியாகப் படுத்தோம்?" என்று எல்லாவற்றையும் சண்டையின் கணக்கில் எழுதி விடுகிறோம். பயத்தில் விழிப்பதும் உண்டு, சூட்டில் விழிப்பதும் உண்டு. இரண்டும் ஒரே பெண்ணுக்கு இருக்கலாம்.

படுவான்கரையில் நான் சந்தித்த ஒரு சகோதரி, டொக்டர் எழுதிக் கொடுத்த குளிசையைக் குடிக்காமல் விட்டிருந்தார். "அது விசருக்குக் குடுக்கிற குளிசையாம். எனக்கு விசரா அக்கா?" என்று கேட்டார்.

இல்லை, சகோதரிகளே. ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் குறையும்போது, மூளையில் உடற்சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி தடுமாறுகிறது. சிறு சூட்டுக்கும் உடம்பை வேர்க்க வைக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பரொக்ஸிற்றின், வென்லாஃபாக்சின் ஆகிய மருந்துகள் இந்தத் தடுமாற்றத்தையும் குறைக்கின்றன. மனச்சோர்வுக்கு வழக்கமாக 20 மில்லிகிராம் கொடுக்கும் பரொக்ஸிற்றின், 7.5 மில்லிகிராம் அளவில் இந்தச் சூட்டுக்கென்றே 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரவுத் தொல்லைக்குக் கபாபென்ரினும் கொடுப்பார்கள். 2023இல் அங்கே அனுமதி பெற்ற ஃபெசோலினெற்றன்ட் புதியது. அதைக் குடிப்பவர்கள் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

ஹோர்மோன் மருந்துதான் கூடிய பலன் தரும். ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியவர்களுக்கும் அதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. அவர்களுக்கு மேலே சொன்னவை கைகொடுக்கும்.

சில விடயங்களை மறக்க வேண்டாம். தமொக்சிபென் குடிப்பவர்களுக்குப் பரொக்ஸிற்றின் கூடாது. அது தமொக்சிபெனின் வேலையைக் குறைத்துவிடும். வென்லாஃபாக்சின் பிரஷரைக் கூட்டலாம். இவ்விரண்டையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டாரின் குளிசையை வாங்கிக் குடிக்கவும் கூடாது. இரவு வேர்வையோடு இருமல், காய்ச்சல், உடல் மெலிவு இருந்தால் சயரோகமா என்று முதலில் பரிசோதியுங்கள்.

35 வயதைத் தாண்டிய பெண்களுக்காக 1996 முதல் அரசாங்கம் வெல் வுமன் கிளினிக்குகளை நடத்துகிறது. எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். போகும்போது நீங்கள் குடிக்கும் எல்லா மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். "எனக்கு இரவில் வேர்க்கிறது" என்று கூச்சமில்லாமல் சொல்லுங்கள்.