குரலுக்கும் படியெடுப்போம்

பனையோலை என்றும் நிலைப்பதன்று. பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படியெடுத்துவைத்தனர் முன்னோர். உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பிக்க உதவிய சுவடிகள் அவ்வாறு வழிவழி வந்தவையே. அவர் திரட்டிய சுவடிகளைச் சென்னை பெசன்ட் நகரில் உள்ள அவர் பெயர்கொண்ட நூல்நிலையம் காத்துவருகிறது.

இன்று குரலுக்கும் அந்நிலை வந்துள்ளது. மயிலாப்பூர்ப் பாட்டி ஒருவர் அயல்நாட்டுப் பேரனுக்குத் தாலாட்டொன்றைப் பாடித் திறன்பேசியில் அனுப்புகிறார் எனக் கொள்வோம். அஃது என்றும் இருக்குமா? குரலஞ்சல் பெட்டி நிரம்பினால் புதிய செய்தியை ஏற்பதில்லை. கூகுள் கணக்கில் கட்டணமின்றிக் கிடைப்பது 15 ஜிபி இடமே. மின்னஞ்சல், நிழற்படம் ஆகியவற்றோடு, ஆண்ட்ராய்டு திறன்பேசிகளின் வாட்ஸ்அப் காப்புப்படியும் 2024 முதல் அதிலேயே அடங்குகிறது. ஈராண்டுகள் பயன்படுத்தாத தனியர் கணக்கை அந்நிறுவனம் நீக்கவும் கூடும். பாட்டி மறைந்தபின் அவர் கணக்கைத் திறப்பவர் யார்?

எல்லை வகுப்பது குற்றமன்று. கோடிக்கணக்கான பதிவுகளைக் காக்க மின்சாரமும் பொருளும் வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துவைக்க வேண்டியதுமில்லை. காலை வணக்கச் செய்திகள் அழியட்டும், தாலாட்டு அழியலாகாது. நீக்குமுன் தெளிவாக அறிவிப்பதும், படியெடுக்க எளிய வழி தருவதும் நிறுவனங்களின் கடமை. காக்கத் தக்கதைத் தேர்ந்து, பேசியவர் பெயரும் நாளும் குறித்து, ஈரிடங்களில் வைப்பது நம் கடமை. கருவி மாறுந்தோறும் மீண்டும் படியெடுத்தல் வேண்டும்.