பாதி சிக்னல் என்பது பாதி இல்லை!

லேப்டாப்பில் வை-பி சிக்னல் 50 சதவீதம் என்று காட்டினால் நாம் என்ன நினைக்கிறோம்? பாதி பவர் வருகிறது, பரவாயில்லை என்றுதானே? உண்மையில் அப்போது வருவது, 100 சதவீதம் காட்டும்போது வந்த பவரில் 316-ல் ஒரு பங்குதான்!

எப்படி என்று பார்ப்போம். ரேடியோ சிக்னலின் பவரை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மில்லிவாட் என்பது இதில் 0. அதற்கு மேல் 10 டெசிபல் கூடினால் பவர் பத்து மடங்கு. 3 கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே 20 டிபிஎம் என்பது 100 மில்லிவாட். 23 என்பது 200. நம் லேப்டாப்புக்கு வந்து சேரும் சிக்னல் ஒரு மில்லிவாட்டை விட மிக மிகக் குறைவு. அதனால் மைனஸில் வரும்.

விண்டோஸ் கணக்கில் -50 டிபிஎம் என்றால் 100 சதவீதம்; -100 என்றால் 0. நடுவில் உள்ள -75 தான் 50 சதவீதம். வித்தியாசம் 25 டெசிபல். அதாவது 10 x 10 x 3.16 = 316 மடங்கு. வேகம் அதே அளவு குறைந்துவிடாது என்பது உண்மை. ஆனால் இன்னும் ஒரு சுவர் குறுக்கே வந்தால் தாங்குமா என்பதைச் சதவீதம் சொல்லாது.

மொபைல் போன் கோடுகள் இன்னும் மோசம். எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்று எல்லாருக்கும் பொதுவான விதி கிடையாது. 2010-ல் ஐபோன் 4 வந்தபோது, கோடுகளைக் கணக்கிடும் பார்முலாவே தவறு, பல நேரங்களில் இரண்டு கோடுகள் அதிகமாகக் காட்டியிருக்கிறோம் என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக் கொண்டது.

தெர்மாமீட்டர் 101 டிகிரி என்று காட்டுகிறது. யாரும் குழம்புவதில்லை. சிக்னலுக்கு மட்டும் ஏன் இந்த மறைப்பு? கோட்டின் பக்கத்திலேயே டிபிஎம் எண்ணையும் காட்ட வேண்டும் என்பதே என் கருத்து.

அதுவரை, புது ரவுட்டரோ பூஸ்டரோ வாங்கும் முன் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனுக்கு வை-பி அனலைசர் புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்திக் கொண்டு வை-பி ஐகானில் கிளிக் செய்தால் போதும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கும் ரவுட்டரை வெளியே எடுத்து வைத்து, -75 என்பது -65 ஆனால், பைசா செலவில்லாமல் பத்து மடங்கு பவர். காசு கொடுத்து வாங்கும் ஆன்டெனா 2 டெசிபல்தான் கூட்டும் என்றால், கிடைப்பது ஒன்றரை மடங்குக்குச் சற்றே அதிகம். எதற்குப் பர்சைத் திறப்பது என்று இனி நீங்களே முடிவு செய்யலாம்.