நாடகம் எடுப்பவர்களும் நாட்கூலிகளே

சங்கக் கூட்டத்துக்கு ஏன் பெண்கள் வருவதில்லை என்று கேட்டால், வாவிக்கரைத் தோட்டங்களில் நம் தலைவர்மார் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நாடகம் பார்க்கிறார்கள்." விடிந்ததிலிருந்து வேலை செய்து, வீட்டிலும் சமைத்து முடித்த பெண்ணுக்கு அந்த அரை மணித்தியாலம்தான் ஓய்வு. இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைப்பது யாருடைய பிழை?

அந்த நாடகத்தை எடுப்பவர்களும் நம்மைப் போல நாட்கூலிகள்தான். லைட் பிடிப்பவர், மேக்கப் போடுபவர், சாப்பாடு பரிமாறுபவர் எல்லோருக்கும் படப்பிடிப்பு நடந்தால்தான் காசு. நமக்குப் பேர் விழாத நாள் மாதிரி.

2020 மார்ச் 19 இல் கொரோனாவால் சென்னையில் படப்பிடிப்பு நின்றது. நமக்குப் பழைய நாடகங்களைத் திரும்பப் போட்டார்கள், சலிப்பாக இருந்தது. அவர்களுக்கு அன்றோடு கூலியே நின்றது. பெப்சி என்ற அவர்களுடைய சம்மேளனம் நடிகர்களிடம் உதவி கேட்டது. ரஜினிகாந்த் 50 இலட்சம் இந்திய ரூபாய் கொடுத்தார். கொடுத்தவரைத்தான் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. எனக்குப் பெரிதாகத் தெரிவது, கேட்பதற்கு ஒரு சங்கம் இருந்தது.

கேட்டு வாங்குவது ஒன்று, நிறுத்தி வாங்குவது இன்னொன்று. 2023 இல் அமெரிக்காவில் நாடகமும் படமும் எழுதுபவர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரவு நிகழ்ச்சிகள் உடனேயே நின்றன. சம்பள உயர்வோடு, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தங்கள் வேலையைப் பறிக்காதபடி கட்டுப்பாடுகளும் வாங்கினார்கள்.

இந்தக் கதையை அடுத்த கூட்டத்தில் பேசுவோம். நேரத்தை மட்டும் பெண்களைக் கேட்டு வையுங்கள். ஞாயிறு பின்னேரம் சரிவரும் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.