நியூட்ரலில் மிச்சம் இல்லை

“இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளினால் இன்ஜின் சுற்று குறையும், டீசல் மிச்சம்” என்பது குட்டியானை ஓட்டுநர்கள் பலரின் கணக்கு. சுற்று குறைவது உண்மை. மிச்சம் என்பதுதான் தவறு.

1. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் எரிபொருள் தெளிப்பது மின்னணுக் கட்டுப்பாட்டில் நடக்கிறது. கியரில் வைத்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சுற்று ஐடிலிங் அளவுக்கு அருகே இறங்கும்வரை டீசல் போவதே இல்லை. சக்கரமே இன்ஜினைச் சுழற்றுகிறது.

2. நியூட்ரலில் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. இன்ஜின் அணையாதிருக்க டீசல் எரிந்தே ஆக வேண்டும். பூச்சியத்தைவிடக் குறைவாகக் குடிக்கும் இன்ஜின் எங்கே இருக்கிறது?

3. நியூட்ரலில் வண்டி கூடுதல் தூரம் உருளும் என்பார்கள். மெல்லிய சரிவில் சரி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில்? உருண்டு சேர்த்த வேகத்தை ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கில்தானே கரைக்க வேண்டும்?

4. பாரவண்டியில் இன்ஜின் பிடிப்பு போனால் மொத்தச் சுமையும் பிரேக் மீது விழும். அளவுமீறிச் சூடேறிய பிரேக் பிடிக்காது. எந்த மிச்சம் இதற்கு ஈடு?

டீசல் உண்மையில் கரைவது வேறு இடத்தில். வேகம் 60 கிலோமீட்டரிலிருந்து 80 ஆனால் காற்றின் எதிர்ப்பு சுமார் 78 சதவீதம் கூடுகிறது. காற்று குறைந்த டயரும் அளவுக்கு மீறிய பாரமும் சமதளத்திலேயே டீசலைத் தின்கின்றன.