காத்தாடிக்குக் கீழே இருட்டு

புத்தளத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்த மச்சான், சஹனில் கை வைத்தபடியே சொன்னார்: "உங்களுக்கென்ன, மன்னார்ல காத்தாடி நிக்கிது. கரண்டுக்குக் குறையா? உலகம் முழுக்க இந்த மெசினுக்குத்தான் இப்ப மார்க்கெட். நீங்க தங்கத்துக்கு மேல குந்தியிருக்கிறீங்க."

சஹனைச் சுற்றியிருந்த ஆறு பேரில் நாலு பேர் தலையாட்டினார்கள். என் வாயில் சோறு இருந்ததால் அன்று பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி தாண்டி எங்கள் ஊர் சிலாவத்துறையில் கரண்ட் போனது. சிலாவத்துறையில் மட்டுமல்ல, நாடு முழுக்க. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்துவிட்டதாக அமைச்சர் சொன்னார். பாணந்துறை எங்கே, நாங்கள் எங்கே! சாச்சாவின் ரெஜிபோம் பெட்டியில் பாரை மீன் கிடந்தது. காலையில் போட்ட ஐஸ் தண்ணீராகிவிட்டது, புதிதாக ஐஸ் எடுக்க வழியில்லை. பின்னேரம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். கரையில் காற்று நன்றாகவே அடித்தது. மச்சானின் கணக்குப்படி அந்தக் காற்றே எங்களுக்குப் போதும். மன்னார்த் தீவின் தென்கரையில் 'தம்பபவனி' என்ற பெயரில் முப்பது காத்தாடிகள், 103.5 மெகாவொட், 2020 டிசம்பரில் திறந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியிடம் 20 கோடி டொலர் கடன் வாங்கிக் கட்டியது. அன்று அவற்றில் ஒன்றாலும் ஒரு பல்ப் எரியவில்லை.

ஏன் எரியவில்லை என்பதில்தான் விசயம் இருக்கிறது. பழைய காத்தாடி ஒரே வேகத்தில் சுற்றும். இப்போது விற்பது காற்றுக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் ரகம். மெல்லிய காற்றிலும் கறக்கும், பலத்த காற்றில் உடம்பை முறித்துக்கொள்ளாது. அதனால்தான் உலகம் இதன் பின்னால் ஓடுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேகம் மாறினால் கரண்டின் தாளமும் மாறும். அதை ஒரு மின்னணுப் பெட்டி பிடித்து, 50 ஹேர்ட்ஸுக்குத் திருத்திக் கம்பியில் விடுகிறது. அந்தப் பெட்டி, கம்பியில் ஏற்கெனவே ஓடும் தாளத்தைக் கேட்டுத்தான் ஆடும். கோலாட்டத்தில் தாளம் நின்றால் கோலோடு நிற்பவன் என்ன செய்வான்? கம்பி செத்தால் காத்தாடியும் சும்மா நிற்கும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் சுற்றும் கனத்த இயந்திரம் ஒரு சின்ன அதிர்ச்சியைத் தன் பாரத்தாலேயே தாங்கிக்கொள்ளும். பெட்டி வழியாக வரும் கரண்டுக்கு அந்தப் பாரம் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் நல்லாய் இருந்தது, பாவனை குறைவு, கூரைச் சூரியக் கரண்ட் கம்பியில் நிறைய இருந்தது, பாரமான இயந்திரங்கள் குறைவு, அதனால்தான் முழு நாடும் விழுந்தது என்று மின்சார சபையே பிறகு விளக்கம் சொன்னது. அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர வெட்டு வேறு.

இதைச் சொன்னால், "அது ஒரு நாள் கதை" என்பார்கள். சரி, 2022ஐ எடுங்கள். மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேர வெட்டு. காத்தாடி திறந்து ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. அந்த ஓகஸ்டில் கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது. அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். பிறகு குறைந்ததே என்கிறீர்களா? மலைநாட்டில் மழை பெய்து நீர்த்தேக்கம் நிரம்பியது. மன்னார்க் காற்றுக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

'மார்க்கெட் ஏறுகிறது' என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். யாருடைய மார்க்கெட்? மெசின் விற்கிற டென்மார்க்காரருக்கு ஏறுகிறது. அதானி கம்பனி மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவொட் போட வந்தது. அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று 2024இல் பேசி முடித்தார்கள். அரசு மாறி விலையைக் குறைக்கக் கேட்டதும், 2025 பெப்ரவரியில் அவர்களே கைவிட்டுப் போனார்கள். பேரம் முழுதும் டொலரில் நடந்தது, மன்னார் மீனவனின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. அதே வருடம் ஓகஸ்டிலிருந்து மன்னார் சனம் தெருவில் குந்தியிருந்து புதிய காத்தாடிகள் வேண்டாம் என்றது. உடனே "அபிவிருத்திக்கு எதிரிகள்" என்று பட்டம். இல்மனைட் மண் தோண்டாதே என்றாலும் அதே பட்டந்தான்.

எங்கள் கரைக்கு இந்த மார்க்கெட் கதை புதிதுமல்ல. ஒரு காலத்தில் சிலாவத்துறைக்கு உலகமே முத்து வாங்க வந்தது. 1906இல் லண்டன் கம்பனி ஒன்று முத்துப் பார்களை இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி வற்றியது, கம்பனியும் போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது அரிப்பில் ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு. அதையும் கடல் தின்றுகொண்டிருக்கிறது. 1990இல் முஸ்லிம்கள் என்பதால் எங்களைப் புலிகள் விரட்டினார்கள். திரும்பி வந்தபோது ஊர்க் காணியில் கடற்படை முகாம் இருந்தது. காணியைக் கேட்டு நின்றோமே, அப்போதும் யாரோ ஒருவர் "பாதுகாப்பு கிடைக்குதே, உங்களுக்கென்ன" என்றார். இந்த "உங்களுக்கென்ன"வைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மச்சானுக்கு ஒரு கேள்வி. நுரைச்சோலை அவருடைய மாவட்டத்தில்தான் இருக்கிறது. 900 மெகாவொட், எங்கள் முப்பது காத்தாடிகளையும் சேர்த்ததைப் போல எட்டு மடங்குக்கு மேல். நிலக்கரித் தூசி அவர்கள் பக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் பேன் சுற்றியதா?

அடுத்த தடவை வரும்போது உங்கட கரண்ட் பில்லையும் எடுத்துக்கொண்டு வாங்க மச்சான். எங்கடதைப் பக்கத்தில வைப்பம். மன்னாருக்கும் புத்தளத்துக்கும் கொழும்புக்கும் அலகுக்கு ஒரே விலைதான்.